மொட்டை மாடியில் ஐந்து வருட பேஷன் ப்ரூட்: ஒற்றைக் கொடி வைத்தால் காய்க்காது

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் மஞ்சள் பேஷன் ப்ரூட் கொடி வைத்து ஐந்து வருடம் முடிந்துவிட்டது. கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்பார்களே, அதன் சமவெளி ரகம். மலையில் விளையும் ஊதா ரகத்துக்குக் குளுமை வேண்டும். நம் வெயிலுக்கு மஞ்சள்தான்.

2020 ஆகஸ்டில் மாதவரத்து நர்சரி ஒன்றில் ஒரே ஒரு கன்று வாங்கினேன். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, செம்மண், மக்கிய சாண எரு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்து நட்டேன். பந்தலுக்குக் காசிமேட்டில் வாங்கிய பழைய நைலான் மீன்வலை. சித்திரை வெயிலில் கம்பி காய்ந்து தளிரைச் சுட்டுவிடும், வலை சுடாது.

அடுத்த வருடம் பந்தல் முழுக்கப் பூ. "இவ்ளோ பூக்குது, ஒரு பிஞ்சுகூட நிக்கலையேம்மா" என்று அத்தை தினமும் கேட்பார். எருவைக் கூட்டினேன், போரான் என்ற நுண்சத்தைத் தெளித்தேன். எதுவும் நடக்கவில்லை.

விடை டொரண்டோவிலிருந்து வந்தது. அங்கே அண்ணன் தன் தோட்டத்தில் ஹார்டி கிவிக் கொடி வளர்க்கிறார். திராட்சை அளவுப் பழம், தோலோடு சாப்பிடலாம். மைனஸ் 20 டிகிரியிலும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உயிரோடு கிடக்கும். வசந்தத்தில் துளிர் விட்டபின் உறைபனி விழுந்தால் மட்டும் துளிர் கருகிவிடும். "இதுல ஆண் கொடி தனி, பெண் கொடி தனிம்மா. ரெண்டும் இருந்தாதான் காய்க்கும். உன் கொடிக்கும் ஜோடி வேணுமோ என்னவோ" என்றார். கிவிக்கு அந்தக் குளிர்கால உறக்கம் வேண்டும், சென்னையில் அது நடக்காது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.

பேஷன் ப்ரூட்டில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. இருந்தும் மஞ்சள் ரகம் தன் மகரந்தத்தை ஏற்காது, வேறொரு கொடியிலிருந்து வர வேண்டும். 2021 அக்டோபரில் வேறு இடத்தில் இரண்டாவது கன்று வாங்கி வைத்தேன்.

மஞ்சள் ரகம் நண்பகலில்தான் மலரும், இருட்டுவதற்குள் மூடிவிடும். எங்கள் தெருவில் மகரந்தம் சுமந்து வரும் கருவண்டு அபூர்வம் என்பதால் ஒரு மணிக்கு நானே மாடி ஏறுவேன். மலர்ந்தவுடன் மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகமான மூன்று சூல்முடிகளும் நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் குடைக்கம்பிபோல் கீழே வளைந்து வரும். அதுதான் நேரம். ஒரு கொடியின் மகரந்தத்தை விரல் நுனியில் எடுத்தால் மஞ்சளாக ஒட்டும். அதை மற்ற கொடியின் மூன்று முடிகளிலும் தடவ வேண்டும். தூறல் பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகிவிடும், அன்று குடை பிடித்தேன். காய் பிடித்திருந்தால் மூன்றாம் நாளே நடுவில் பச்சை முண்டு பருத்துத் தெரியும். பிடிக்காத பூ பழுத்து உதிரும்.

2022-ல் 38 பழம். 2023-ல் நூறைத் தாண்டியது.

தண்ணீர்தான் வடசென்னையில் பெரிய பாடு. போர் தண்ணீர் உப்பு. ஒரு மாதம் ஊற்றியதில் இலை ஓரம் கருகி உள்வாங்கியது. அதன்பின் மெட்ரோ வாட்டரும் சேமித்த மழைநீரும் மட்டும்தான். முள்முள்ளான பழுப்புக் கம்பளிப்புழுக்களைக் காலையில் கையால் எடுத்துவிடுவேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வலை கிழிந்தது, டிரம்மின் வடிகால் ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியது. இரண்டாம் கொடியின் வேர் அழுகிப் போனது. பிழைத்த கொடியிலிருந்தே ஒரு தண்டு வெட்டி அந்த இடத்தில் நட்டேன். எட்டு மாதத்தில் பூத்தது, கைமகரந்தமும் செய்தேன், ஒரு பிஞ்சும் இல்லை. வெட்டி நட்ட தண்டு தாய்க்கொடியேதான், வேறு கொடி ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பருவம் முழுக்கப் போயிற்று.

புயலில் போன அந்தக் கொடியின் தண்டு ஒன்றை 2022-ல் அடுத்த தெரு அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். அது அவர் மாடியில் உயிரோடு இருந்தது! அதிலிருந்து ஒன்று வெட்டி வாங்கி வந்து நட்டேன். இந்த வருடம் மறுபடியும் காய் பிடித்திருக்கிறது. இப்போது யாருக்குத் தண்டு கொடுத்தாலும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் கொடுக்கிறேன், முதல் கொடியில் சிவப்பு நூல், இரண்டாம் கொடியில் பச்சை நூல் கட்டி.