பின்பக்கம் உட்கார்ந்த காருக்குக் கம்ப்ரசரை மாற்றச் சொன்னால் உடனே சரி சொல்லாதீர்கள்

ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள பழைய சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். என் காரின் பின்பக்கம் உட்கார்ந்துபோனதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, ஓர் ஒர்க்‌ஷாப் முதலில் காற்றை அடிக்கும் கம்ப்ரசருக்கும் அப்புறம் அந்தக் காற்றை ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக்குக்கும் பணம் வாங்கியது. காற்று ஒழுகியது இடது பின் பெல்லோவில், அதாவது அந்தப் பக்கத்தைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பையில். அந்தப் பக்கம் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வண்டியை விடும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தேன்: ராத்திரி நிறுத்தினால் காலையில் பின்பக்கம் இறங்கியிருக்கிறது, இடது பக்கம் கூடுதலாக. எஞ்சினை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது. இந்த இரண்டு வாக்கியமே பாதி நோயைச் சொல்லிவிடும். காலையில் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற கம்ப்ரசர் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அவர்கள் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள். கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடுகிறது என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் போய்விட்டது என்றார்கள். ஓட்டைத் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்று மோட்டாரை மாற்றுகிற கதைதான் இது. எங்கோ காற்று போகிறது, அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குறியீடு சொன்னது அவ்வளவுதான். காற்று எங்கே போகிறது என்று ஸ்கேனர் சொல்லாது, ஆள்தான் தேட வேண்டும்.

புதுக் கம்ப்ரசர் போட்ட பிறகும் பின்பக்கம் இறங்கியது. அடுத்து வால்வு பிளாக் என்றார்கள். அதையும் மாற்றினார்கள். மறுபடி இறங்கியது. கடைசியில், இந்தக் காற்று சமாசாரமே தொல்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரண இரும்புக் காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்றார்கள். அங்கேதான் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் முதலில் ஒரு டேப்பை எடுத்தார். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொண்டார். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருப்பதும் கணக்கில் கலந்துவிடும் என்றார். அப்புறம் சஸ்பென்ஷன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தினார். ஃபியூஸ் இருந்தால் பல கார்கள் நிறுத்தியிருக்கும்போதே விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். சில வண்டிகள் தாழ்ந்த பக்கத்துக்குச் சமமாக நல்ல பக்கத்தையும் இறக்கிவிடும். அப்போது இரண்டு பக்கமும் ஒழுகுவதுபோலத் தெரியும்.

காலையில் இடது பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. வால்வுகள் மூடியிருக்கும்போது ஒவ்வொரு பெல்லோவும் தனித்தனி. எனவே வால்வு சரியாக மூடுகிறதென்றால், கசிவு இடது பெல்லோவிலோ அதற்குப் போகும் பைப்பிலோ இருந்தாக வேண்டும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரைப் பெல்லோவின் அடிமடிப்பில் பிரஷ்ஷால் தடவினார். முதலில் ஒன்றுமில்லை. உயரத்தைக் கொஞ்சம் மாற்றி, மடிப்பு வேறு இடத்தில் விழும்படி செய்து மறுபடி தடவினார். ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள், அவற்றின் ஓரமாக வெள்ளை நுரை மெல்லப் பொங்கி வந்தது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுகிற மெக்கானிக் கிடைப்பது பெரிய விஷயம்.

கூடவே அவர் காட்டிய இரண்டு விஷயங்கள்தான் எனக்கு வயிற்றெரிச்சல். புதியது என்று போட்ட கம்ப்ரசரின் போல்ட் தலைகளில் பெயின்ட்டுக்கு அடியில் ஸ்பேனர் கீறல்கள் இருந்தன, லேபிளில் எண் தேய்க்கப்பட்டிருந்தது. கம்ப்ரசருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே பழையதுதான். கம்ப்ரசரை மாற்றும்போது ரிலேயையும் மாற்ற வேண்டும். பழைய ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் சூடேறிக் கருகிவிடும். இரண்டாவது, வலது பெல்லோவின் மடிப்பு ஒரு பக்கமாகத் திருகி நசுங்கியிருந்தது. காற்றில்லாத பெல்லோமேல் வண்டியின் எடையை இறக்கினால் இப்படித்தான் ஆகும். முதலில் காற்றை நிரப்பி மடிப்பு ஒழுங்காக விழுந்த பிறகுதான் சக்கரத்தைத் தரையில் வைக்க வேண்டும். வால்வு பிளாக் மாற்றிய அன்று அவர்கள் அதைச் செய்யவில்லை என்பதே அவர் கணிப்பு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நன்றாக இருந்த பக்கத்தையும் கெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாருக்கும் பெல்லோதான் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் ஓடியும் பின்பக்கம் எழவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, கம்ப்ரசர் என்ற வரிசையில் பாருங்கள். ராத்திரியெல்லாம் இறங்காமல், ஓட்டும்போது மட்டும் உயரம் தப்பாக இருந்தால் உயர சென்சாரையும் அதன் சிறிய இணைப்புத் தண்டையும் பாருங்கள். தண்டு முறிந்தால் கம்ப்யூட்டர் பொய்யான உயரத்தை நம்பி வேலை செய்யும். சில மாடல்களில் பின் அச்சுக்கு ஒரே சென்சார்தான். பழைய மெர்சிடிஸ் எஸ்டேட் போன்ற சில வண்டிகளில் பின்பக்கத்தைத் தாங்குவதில் எண்ணெய்க்கும் நைட்ரஜன் கோளங்களுக்கும் பங்குண்டு. அங்கே கோளத்தில் வாயு போனால் முதலில் தெரிவது இறக்கம் அல்ல, பள்ளத்தில் கட்டைபோலக் குதிப்பது. உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரியாமல் பேச ஆரம்பிக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

காயிலுக்கு மாறுவதே தப்பு என்று சொல்லமாட்டேன். ஏர் சஸ்பென்ஷனோடு வந்த 1957 காடிலாக் எல்டொராடோ புரோம் காரிலேயே காற்றுக் கசிவு தாங்காமல் பலர் காயிலுக்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் நவீன காரில் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஹெட்லைட் மட்டம் எல்லாம் இந்த சிஸ்டத்தோடு பிணைந்திருக்கலாம், கம்ப்யூட்டரில் மாற்றாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் அதை வழியாகச் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இறங்கிய வண்டியை அப்படியே ஓட்டவும் வேண்டாம். டயரின் உள்ஓரம் தேயும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பெல்லோ நசுங்கும். காற்றை நம்பி வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

வேலைக்குச் சம்மதிக்கும் முன் கசிவைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், புதியதின் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள். என் பழைய கம்ப்ரசரைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். படங்களையும் அளவுகளையும் வைத்து முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.