550-ஆ, 500டி-ஆ? கழுத்து விழுவதற்கு முன்னால் கம்பி என்ன செய்கிறது

வீடு கட்ட கான்கிரீட்டுக்குள் போடும் கம்பி எடுக்கப் போனால் கடையில் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்: "550 எடுங்க சார், ஸ்ட்ராங்கு. கம்பியும் மிச்சமாகும்." இன்னொரு ரகமான 500டி கேட்டால், விவரம் தெரியாத ஆள் போல என்று ஒரு பார்வை.

எண்ணில் பொய் இல்லை. கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1786-இன்படி, யீல்டு ஆகும்வரை, அதாவது மீளாமல் நீளத் தொடங்கும்வரை, 550 கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 550 நியூட்டன் தாங்க வேண்டும். 500டி-க்கு அது 500. அந்த எல்லையைத் தாண்டிய பிறகுதான் இரண்டும் வேறு வேறு கம்பி.

ஆய்வகத்தில் 16 மி.மீ. கம்பி ஒன்றை இழுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பத்து டன்னைத் தாண்டியதும் மேலே ஒட்டியிருக்கும் கருஞ்செதில் பொலபொலவென்று உதிரும். அப்புறம் கம்பி முழுக்க ஒரே சீராக நீளும். எந்த இடம் மெலிகிறதோ அது உடனே இறுகிக்கொள்ளும். நீட்சி பக்கத்து இடத்துக்குப் போகும். இறுகுவது மெலிவதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிற கணத்தில் ஓரிடம் மட்டும் ஒடுங்கிக் கழுத்து விழும். அதற்குமேல் நீள்வதெல்லாம் அந்த இரண்டு விரல்கடை மட்டும்தான். விசை காட்டும் முள் இறங்கும், வெடிபோல் ஒரு சத்தம். உடைந்த முனை வெதுவெதுப்பாக இருக்கும்.

இப்போது எண்களைப் பாருங்கள். யீல்டுக்கும் உச்ச வலிமைக்கும் (கழுத்து விழுமுன் கம்பி தாங்கும் அதிகபட்சம்) நடுவே 550-க்குக் குறைந்தது 6 சதவீத இடைவெளி, 500டி-க்கு 10. உடையும்போது நீட்சி முறையே 10, 16. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: நீட்சியை அளப்பது கம்பி விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நீளத்தில், 16 மி.மீ. கம்பிக்கு வெறும் 80 மி.மீ. அதற்குள் கழுத்தும் அடக்கம் என்பதால் 16 சதவீதத்தில் ஒரு பங்கு கழுத்தின் உபயம். 550-க்கு இல்லாமல், 'டி' ரகத்துக்கு உச்ச இழுவிசையில், கழுத்து விழுமுன், 5 சதவீதம் நீள வேண்டும் என்று தனியாக ஒரு வரம்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நிலநடுக்கத்தில் தூண்–உத்திரச் சந்திப்பில் கான்கிரீட் விரிசல் விடும்போது, இடைவெளி குறைந்த கம்பி விரிசல் விட்ட இடத்திலேயே நீண்டு அங்கேயே அறும். இடைவெளி அதிகமுள்ளது அக்கம்பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். 2002-இல் சென்னை, நிலநடுக்க அபாய வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து அபாயம் கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு மாறிவிட்டது, ஞாபகம் இருக்கட்டும்.

கம்பி மிச்சமாகுமா? பெரிதாக ஆகாது. சின்ன வீட்டில் பல இடங்களில் போடுவது விதிப்படியான குறைந்தபட்சக் கம்பி. தளம் தொய்யாமல் இருப்பது கம்பியின் விறைப்பையும் பொறுத்தது, அது இரண்டுக்கும் ஒன்றே.

550டி நடுவில் நிற்கிறது: இடைவெளி 8, நீட்சி 14.5. மோசமில்லை.

நான் 500டி பக்கம்தான். ஆனால் கம்பியில் இருக்கும் 500டி முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். நிலநடுக்க விதியான ஐஎஸ் 13920 கேட்கும் உச்ச வலிமை–யீல்டு விகிதம் குறைந்தது 1.15, முத்திரை உறுதி தருவது 1.10-க்குத்தான். டெஸ்ட் சர்டிபிகேட்டை வாங்கி, உச்ச வலிமையை யீல்டால் வகுத்துப் பாருங்கள். கைபேசி கால்குலேட்டர் போதும்.