மேற்கு மாம்பலம்: மூன்று படிகளும் எங்கே போயின?

போன வாரம் கொத்தனாரை வரவழைத்து, சென்னை மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சம்ப்பின், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின், வாயை ஓரடி உயர்த்திக் கட்டினோம். சிமென்ட் காய்வதற்குள் நண்பன் போன் செய்தான். "மேற்கு மாம்பலத்துல தரைத்தளத்துல ஒரு வீடு அமைஞ்சிருக்குடா, வாடகையும் கட்டுப்படியாகுது. எடுக்கலாமா?" அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வசதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆரிய கவுடா ரோட்டில் காய், பூ, அப்போது அரைத்த காபிப்பொடி எல்லாமே நடக்கிற தூரம். சாயந்திரம் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ கச்சேரியோ இருக்கும். ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு பக்கம் பீச், மறுபக்கம் தாம்பரம். 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடும் தடம். 2023-இல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதையும் வந்துவிட்டது. முட்டிவலியால் ரங்கநாதன் தெரு நெரிசலை நினைத்தே பயந்த என் அம்மா, இப்போது லிஃப்டில் ஏறித் தனியாகவே போய்ப் புடவை வாங்கி வருகிறார். அந்த ஒன்றுக்காகவே அதைக் கட்டியவர்களுக்குக் கோடி நன்றி.

ஆனால் தண்ணீர் விஷயம் வேறு. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பெரிய ஏரி. லாங் டேங்க் என்பார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது அதைத் தூர்த்து மனை பிரித்தார்கள். அப்படி உருவான தி.நகருக்கு, 1925-இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர். எங்கள் பக்கம் லேக் வியூ ரோடு மட்டும் மிச்சம்; அங்கே நின்று பார்க்க ஏரி இல்லை. பெருமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரத்தான் செய்யும். துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பிவிட்டால் தி.நகர் போக ஊரைச் சுற்ற வேண்டும். இதைக்கூட நான் குறையாகச் சொல்ல மாட்டேன், நிலம் அப்படி.

என் ஆத்திரம் ரோட்டின் மேல். தாத்தா 1974-இல் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வர வேண்டும். சிவப்பு ஆக்சைடு பூசிய படிகள். பாட்டி மூன்றிலும் கோலம் போடுவார். இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில் புது ரோடு போட வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் தெருவில் ஒவ்வொரு முறையும் ராத்திரியோடு ராத்திரியாகப் பழையதன் மேலேயே கொட்டி உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரும்பு கேட் தரையில் இடித்துத் திறக்க முடியாமல் போய், வெல்டரை அழைத்து அடிப்பக்கத்தை இரண்டு முறை வெட்டினோம். 2015 டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் கூடத்துக்குள் நின்றது. சம்ப்பில் சாக்கடை கலந்து, கழுவி முடிக்கப் பத்து நாள். அரிசி டின், அப்பாவின் புத்தகங்கள் எல்லாம் போயின. மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புது மழைநீர் வடிகால் போட்ட பிறகு, இரண்டு நாள் நின்ற தண்ணீர் இப்போது அரை நாளில் வடிகிறது. சரி, அது நல்ல வேலைதான். ஆனால் அந்த அரை நாளும் அது நிற்பது எங்கள் வாசலுக்கு உள்ளே.

அதனால் இந்த வீடு வேண்டாம்டா. வாடகையைப் பார்த்து ஏமாறாதே. அதே தெருவில் முதல் மாடி கிடைத்தால் யோசிக்காமல் எடு, இந்த ஊரை விட்டுப் போக உனக்கு மனசே வராது. எங்களுக்கும் வரவில்லை, அதனால்தான் சம்ப்பை உயர்த்தினோம். இல்லை, அந்தத் தரைத்தளத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சொல். இன்ச் டேப்போடு நானும் வருகிறேன். சம்ப் மூடி ரோட்டைவிட உயரமா, தாழ்வா என்று முதலில் அளந்து பார்த்துவிடுவோம்.