சமைக்கத் தயங்குகிறவருக்கு எந்தக் குக்கர்?

திருப்பூரில் புதிதாக அறை எடுத்திருக்கும் என் தம்பிக்கு அடுப்படி என்றாலே தயக்கம். "விசில் குக்கரா, கரண்ட் குக்கரா அக்கா?" என்று கேட்டான். நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தை வைத்தே இரண்டையும் பார்ப்போம். முதலில் கற்க வேண்டியதும் அதுதான்.

விலை: 3 லிட்டர் அலுமினிய விசில் குக்கர்தான் பெரும்பாலும் மலிவு.

சுலபம்: விசில் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரை சூடேறும், துவரம்பருப்பு சீக்கிரம் குழையும். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளித்து, அதிலேயே அரிசி பருப்பைப் போட்டு மூடலாம். கழுவ ஒரே பாத்திரம். ஆனால் விசிலை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆவி அடங்குமுன் திறக்கவே கூடாது.
கரண்ட் குக்கரில் தண்ணீர் வற்றி, சூடு 100 டிகிரியைத் தாண்டியதும் சுவிட்ச் தானே மாறிவிடும். பருப்பை முன்பே ஊறவைக்க வேண்டும், தாளிக்கத் தனி வாணலி வேண்டும். அவ்வளவுதான்.

உழைப்பு: முன்னதற்கு ரப்பர் வளையத்தை அவ்வப்போது மாற்றினால் பல வருடம் ஓடும். பின்னதற்கு மரக்கரண்டி போதும், பூச்சு சுரண்டாது.

கொள்ளும் பச்சைப்பயறும் அடிக்கடி வேகவைக்கிறவர்கள் விசில் குக்கர் வாங்குங்கள். அடுப்பில் வைத்ததையே மறந்துவிடுகிறவர்களுக்குக் கரண்ட் குக்கர். தம்பிக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன், கூடவே ஒரு சின்ன வாணலியும்.