ரசீதில் "ஆஃப்-ரோடு ஆக்ஸில்" என்று இருந்தது, அளவு இல்லை

ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துப்போகும் மடக்குக் கூடார வண்டி) வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது மெல்பர்ன் புறநகரில் ஒரு யார்டில். அவர்கள் மேல் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை.

கூடாரம் விரிவதையும், இழுத்தால் வெளியே வரும் அடுப்படியையும் விற்பனையாளர் ஒரு மணி நேரம் காட்டினார். நானும் மனைவியும் அந்த அடுப்படியிலேயே விழுந்துவிட்டோம். ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைத்து எடையைத் தாங்கும் இரும்புத் தண்டு, எத்தனை கனம் என்று கேட்காமல் இல்லை. "50 மில்லி (மி.மீ.), ஹெவி டியூட்டி, கேப் யார்க் வரைக்கும் தாராளமாகப் போகலாம்" என்றார். கேப் யார்க் என்பது ஆஸ்திரேலியாவின் வட கோடி, கரடுமுரடான பாதை. ரசீதில் வெறும் "ஆஃப்-ரோடு ஆக்ஸில்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இன்னொரு விஷயமும் கண்ணை மறைத்தது. சக்கரத்தில் ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம், அப்படியே என் டொயோட்டா பிராடோ கார் மாதிரி. ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகுமே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் போல்ட் அமைப்பு ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்தோடு சரி. சக்கரம் உராயாமல் சுழல உள்ளே எந்த பேரிங் உட்கார்ந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா டிராக்கில் குட்டு வெளிப்பட்டது. மாரியிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண் ரோடு, பல இடங்களில் கூரைத் தகரம் போல அலை அலையாக இருக்கும். கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வில்லியம் கிரீக் பக்கம் கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருக்கும். "ஏங்க, ஏதோ தீயுற வாடை அடிக்குதே" என்றாள் மனைவி. இறங்கிப் பார்த்தால் இடது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. கிரீஸ் உருகி ரிம் முழுக்க வழிந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. போனில் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் போன் வைத்திருந்த ஒரு வயதான தம்பதி இரண்டு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்தார்கள், பிழைத்தோம். கூபர் பெடி என்ற ஊரிலிருந்து வந்த இழுவை வண்டிக்கு மட்டும் 2,600 டாலர்.

அங்கே மெக்கானிக் ஆக்ஸிலில் காலிப்பரை (கனம் அளக்கும் கருவி) வைத்தார். 40 மில்லி. பேரிங்கைத் துடைத்து எண்ணைக் காட்டினார்: உள்ளே எல்எம்67048, வெளியே எல்எம்11949. ஹோல்டன் என்ற ஆஸ்திரேலியக் கார் பெயரால் 'ஹோல்டன் பேரிங்' என்பார்கள். வீட்டுக் குப்பை ஏற்றிப்போகும் சின்ன டிரெய்லருக்குப் போடும் ஜோடி, பொதுவாக 1000 கிலோவுக்கு. என் டிரெய்லரின் தகட்டிலோ மொத்த எடை 1400 கிலோ வரை போகலாம் என்று அடித்திருக்கிறார்கள்! கிளம்பும் முன் எடைமேடையில் ஏற்றியபோது 1,320 கிலோ. காரின் கொக்கியில் இறங்கும் 130 கிலோவைக் கழித்தாலும் அந்த ஆக்ஸில் தாங்கியது 1,190.

யார்டுக்குப் போன் செய்தேன். முதலில் "ஓவர்லோடு ஏற்றியிருப்பீர்கள்" என்றார்கள். எடைமேடைச் சீட்டை அனுப்பியதும் பேச்சு மாறியது: மண் ரோட்டில் ஓட்டினால் வாரண்டி கிடையாதாம். விளம்பரப் படத்தில் அதே டிரெய்லர் செம்மண் புழுதி பறக்கத்தான் நிற்கிறது.

அதனால் வாங்கும்போது காலிப்பரை எடுத்துக்கொண்டு போங்கள், கேலி செய்தாலும் பரவாயில்லை. 45 மில்லி சதுர ஆக்ஸில் என்றால் ஏறக்குறைய 1450 கிலோ, 50 மில்லியோடு பேரலல் பேரிங் (உள்ளும் வெளியும் ஒரே அளவு) என்றால் 2000 கிலோ அளவு. பெயிண்ட் கனமும் அளவில் சேர்ந்துவிடும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஹப் மூடியைக் கழற்றி பேரிங் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். அளவு, பேரிங் எண், கிலோ மூன்றும் ரசீதில் எழுத்தில் வேண்டும்.

ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்தான் வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கும். எனக்கு என்னவோ ஒற்றை ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) போதும், எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார். ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் வகை போனால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், டிரெய்லர் சக்கரங்களின் இடைவெளி கார் சக்கரங்களோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மணலில் அது தனக்கென்று தனித் தடம் வெட்டிக்கொண்டு வரும்.

இப்போது 50 மில்லி போட்டாயிற்று, நானே நின்று அளந்தேன். பழைய ஆக்ஸில் கராஜில் சாய்ந்து கிடக்கிறது. அடுத்த மாதம் தீர்ப்பாயத்தில் விசாரணை. அதையும் தூக்கிக்கொண்டுதான் போகப்போகிறேன்.