கார்பன் வீலும் ஐந்து ரூபாய் நாணயமும்

பின் டயர் மாற்றி வந்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகவே இருக்கும். விலை இறங்கியிருக்கிறதாம், பைக்குக் கார்பன் ஃபைபர் வீல் போடலாமா என்று மாப்பிள்ளை ஒருத்தர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். என் லிட்டர் கிளாஸ் (1000 சிசி) வண்டியில் இந்த வீல் ஓடிப் பல செட் டயர் தேய்ந்துவிட்டது. எடை, அளவு விவரமெல்லாம் அவருக்கே தெரியும், விடுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அலாய் வீலில் ஒரு பக்கம் சாய்த்த வண்டியை மறுபக்கம் தூக்கிப் போடத் தோள் உழைக்க வேண்டும். இதில் ஹேண்டில்பாரை உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும், வண்டி சாய்ந்து எழுகிறது. எடை குறைவது ரிம்மில், அதாவது அச்சிலிருந்து தள்ளி. அதே எடை இருமடங்கு தள்ளி இருந்தால் சுழற்சியில் அதன் முரண்டு நான்கு மடங்கு. அந்த முரண்டுதான் இங்கே குறைகிறது. சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கிற எடை என்பதால், ஒட்டுப்போட்ட தார் ரோட்டிலும் டயர் துள்ளாமல் தரையோடு போகிறது. ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க எல்லோரும் நிறுத்துவார்கள். எனக்கு நிறுத்த மனசே வருவதில்லை.

சரி, எரிச்சலுக்கு வருவோம். அலாய் வீல் பள்ளத்தில் அடித்தால் வளையும், காற்று இறங்கும், கண்ணுக்குத் தெரியும். தட்டி நேராக்கவும் ஆள் உண்டு. கார்பன் அப்படி வளைந்து காட்டாது. ஒன்று, எதுவும் ஆகியிருக்காது. இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கிற கார்பன் நார் அடுக்கு விட்டிருக்கும், மேலே கிளியர் கோட் பூச்சு மட்டும் பளபளவென்று இருக்கும். பல்லடம் ரோட்டில் குழாய் பதித்து மண்ணைத் தள்ளி மூடியிருந்த இடத்தில் முன் வீல் ‘டொம்’ என்று இறங்கியதிலிருந்து எனக்கு இந்த வியாதி.

வீல் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, வீலை மெல்லச் சுற்றிக்கொண்டே ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் ரிம்மைத் தட்டுவேன். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்கு பிரிந்திருந்தால் ‘தப்’ என்று மந்தமாகக் கேட்க வேண்டும். ஸ்போக் வந்து சேருகிற இடத்தில் தடிமன் மாறுவதால் ஓசையும் மாறும். அங்கே ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கும். அம்மா வாசலில் நின்று, “ஏஞ்சாமி, தேங்கா வாங்கறவனாட்டத் தட்டிக்கிட்டிருக்கற?” என்கிறார். இதுவரை ஒரு ‘தப்’ கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கழற்றி வீசிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

அப்புறம் டயர் கடை. பஞ்சருக்குப் பிரச்சனை இல்லை, வீலைக் கழற்றாமலே அடைத்துவிடலாம். டயர் மாற்றத்தான் வீதி வீதியாக அலைய வேண்டும். இன்று முதல் கடைக்காரர் விரலால் சுண்டிப் பார்த்து, “ஏனுங் தம்பி, இது பிளாஸ்டிக்குங்களா? மெஷின்ல மாட்டி ஏதாச்சும் ஆச்சுன்னா என்ர கடைய வித்தாலும் பத்தாதுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நியாயமான பேச்சு. அடுத்த கடையில் ரிம்மைக் கீறாதபடி பிளாஸ்டிக் உறை போட்ட மெஷின் இருந்தது. ஆனால் கடைசி ஓரத்தை ஏற்ற அங்கிருந்த பையன் இரும்பு லிவரை எடுத்தான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

கார்பன் ஃபிரேம் பற்றியும் மாப்பிள்ளை கேட்டார். 2017இல் பிஎம்டபிள்யூ எச்பி4 ரேஸ் அப்படி வந்தது, 750 வண்டிகள் மட்டும், டிராக்கில் ஓட்ட மட்டும். டுகாட்டி 2009இல் உலக பைக் பந்தயமான மோட்டோ ஜிபிக்கே கார்பன் சேஸி, அதாவது ஃபிரேம், கொண்டுவந்தது. அதில் அவர்களுடைய வீரர் கேசி ஸ்டோனர் ஜெயித்தார். 2011இல் அதே அணிக்கு வந்த வாலன்டினோ ரோஸி ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை, மறு வருடம் அலுமினியத்துக்குப் போய்விட்டார்கள். நமக்கெதற்கு அந்தக் கதை? கார்பன் வீலுக்கோ மோட்டோ ஜிபியில் அனுமதியே கிடையாது, மெக்னீசியம்தான் ஓடுகிறது.

ஆகவே மாப்பிள்ளை, வாங்காதீர்கள். ஃபோர்ஜ்டு (அழுத்தி வார்க்காமல் அடித்துச் செய்த) அலுமினியம் வீல் போடுங்கள், மிச்சப் பணத்துக்கு டயர் வாங்கிச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஆசை தீரத் தேயுங்கள். பழைய கார்பன் வீல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், டயரைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள். என்னுடையதை மட்டும் விலைக்குக் கேட்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வால்பாறை போகிறேன்.