கைப்பேசி, டிரைபாட், ஃபோட்டோபீ: மாணவர்களோடு கூட்டுப்படம் செய்த அனுபவம்

பல படங்களை ஒன்றாக்கிக் கூட்டுப்படம் செய்ய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எந்த மென்பொருள் நல்லது என்று ஆசிரிய நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உயர்நிலைப் பிள்ளைகளோடு நான் சில ஆண்டுகளாக ஃபோட்டோபீயைத்தான் பயன்படுத்தி வருகிறேன். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நடக்கும் தாய்மொழி இருவார நடவடிக்கைக்கும் சரி, பாடநேரத்துக்கு வெளியே நடக்கும் புகைப்பட இணைப்பாட நடவடிக்கைக்கும் சரி, அதுவே போதும். ஆனால் பாதி வெற்றி படம் எடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. கணினிக்கு முன்னால் உட்காருவது அதற்கப்புறம்தான்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபோட்டோபீ உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். பள்ளிக் கருவியில் ஒரு செயலியைச் சேர்க்க அனுமதி கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர் எல்லாரிடமும் கற்றல் கருவி உண்டு என்றாலும், ஒரு பள்ளியில் ஐபேட், இன்னொன்றில் குரோம்புக், வேறொன்றில் விண்டோஸ் மடிக்கணினி. எதில் திறந்தாலும் அதே மெனுதான். வழக்கமான திருத்த வேலைகளில் படங்கள் எந்த சர்வருக்கும் போவதில்லை. அந்த வேலை கருவிக்குள்ளேயே நடக்கிறது. பிள்ளைகளின் முகம் இருக்கும் படங்கள் என்பதால் நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணமே அதுதான். இலவசப் பதிப்பில் ஓரமாக விளம்பரம் வரும், பணம் கட்டினால் போய்விடும். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படப் படலம்), மாஸ்க் (படலத்தின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை), ஷார்ட்கட் எல்லாம் பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பை ஒட்டியே இருப்பதால், பின்னால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கப் போகும் பிள்ளைக்கும் கற்றது வீணாகாது.

நான் கொடுக்கும் முதல் பணி எளிமையானது: ஒரே வகுப்பறை, ஒரே மாணவர், ஆனால் படத்தில் அவர் நாலைந்து இடங்களில் இருக்க வேண்டும். ஒருவர் கரும்பலகையில் எழுதுகிறார், அவரே பின்வரிசையில் தூங்குகிறார், அவரே சன்னலோரம் நின்று அதைப் பார்த்துச் சிரிக்கிறார். டிரைபாடில் கைப்பேசியை மாட்டி, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் பையோடு ஒருவர் முன்னால் வந்ததும் கேமரா வெளிச்சத்தைத் தானே கூட்டிவிடும். அந்தப் படம் மற்றவற்றோடு ஒட்டவே ஒட்டாது. டைமர் வைத்துக்கொண்டால் கை பட்டு அசையாது. யாருமே இல்லாத வெறும் வகுப்பறையை ஒரு படம் எடுத்துவைப்பது கட்டாயம். கடைசியில் எல்லாரையும் காப்பாற்றுவது அந்த ஒரு படம்தான்.

நம்மூர் வகுப்பறைக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. மின்விசிறி ஓடினால் இறக்கை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும். திரைச்சீலையும் ஒட்டிவைத்த தாளும் ஆடும். வியர்த்தாலும் பரவாயில்லை, எடுத்து முடிக்கும்வரை விசிறியை நிறுத்தச் சொல்வேன். பிற்பகலில் மழைமேகம் கூடினால் சில நிமிடத்தில் சன்னல் வெளிச்சம் மாறிவிடும். அதனால் யார் எங்கே நிற்பது, என்ன செய்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே தாளில் வரைந்துகொண்டு, படங்களை மடமடவென்று எடுக்க வேண்டும்.

கணினி வேலையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: அழிப்பானைத் தொடாதே, மாஸ்க் போடு. மாஸ்க்கில் கறுப்பு தீட்டினால் மறையும், வெள்ளை தீட்டினால் திரும்ப வரும். எக்ஸ் விசையைத் தட்டினால் இரண்டும் இடம் மாறும். இது பிடிபட்டதும் பிள்ளைகளிடம் பயம் போய்விடுகிறது. படங்கள் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க, மேல் லேயரை டிஃபரன்ஸ் என்ற, கீழ்ப் படத்தோடு உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் கலப்பு முறைக்கு மாற்றச் சொல்வேன். பொருந்திய இடமெல்லாம் கறுப்பாகிவிடும். நாற்காலி விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் கைப்பேசி நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

குரோம்புக் திணறுவதாகச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 4000-க்கு 3000 அளவுள்ள கைப்பேசிப் படம் லேயராகத் திறந்ததும் ஏறக்குறைய 48 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். பத்து லேயர் என்றால் 480. அகலத்தை 2000 பிக்சலாகக் குறைத்துவிட்டால் லேயருக்கு 12 எம்பிதான், ஏ4 தாளில் அச்சிடவும் போதும். வேலையை முடித்து ஏற்றுமதி செய்த ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டால் லேயர்கள் போய்விடும். லேயர்களை அப்படியே வைத்திருக்கும் பிஎஸ்டி கோப்பையும் சேமிக்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஏற்படுத்த வேண்டும்.

இரண்டாவது பணி அந்தரத்தில் மிதப்பது. முக்காலியில் குப்புறப் படுத்துக் கைகால்களை நீட்டி ஒரு படம், வெறும் வகுப்பறை ஒரு படம். வெறும் வகுப்பறையின் மேல் ஆள் படத்தை வைத்து, மாஸ்க்கில் முக்காலியை மறைத்தால் ஆள் பறப்பார். ஒரு முறை உயர்நிலை இரண்டு மாணவி ஒருத்தி அழகாக முடித்துக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவன் திரையில் விரலை வைத்து, “ஐயா, முக்காலி போயிருச்சு, ஆனா அதோட கால் தரையில இருக்கு பாருங்க” என்றான். மெழுகிட்ட தரையில் முக்காலிக் கால்களின் பிரதிபலிப்பு மங்கலாக அப்படியே இருந்தது. அதைத் துடைத்ததும் அடுத்த கேள்வி அவளே கேட்டாள்: பறக்கிற ஆளுக்கு நிழல் எங்கே விழும்? அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அந்த நிழல் எவ்வளவு மங்கலாக, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற வாதத்தில் போனது, அதுவும் முழுக்கத் தமிழில். வகுப்பில் பேசச் சொன்னால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைகள் அவர்கள்.

வெளியே எடுத்த படங்களைக் கலக்கும்போது சூரியன்தான் பெரிய வாத்தியார். சிங்கப்பூரில் பகல் ஒரு மணி வாக்கில்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அப்போது நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். காலை ஒன்பது மணிக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு வெளியே எடுத்த நண்பனை வெட்டி, மதியம் எடுத்த சிராங்கூன் சாலையில் நிறுத்தினால், எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் கண் ஏற்காது.

குடும்ப ஆல்பத்துப் பழைய படத்தை இன்றைய தெருவோடு இணைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பணி. ஒரு மாணவன், தன் தாத்தா லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை முன் நிற்கும் படத்தைக் கொண்டுவந்தான். இன்றைய கட்டடத்தோடு எப்படிப் பொருத்தினாலும் சேரவில்லை. சேராது, பழைய சந்தை இருந்தது சாலைக்கு எதிர்ப்பக்கம். 1982-இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது, அப்போது சூஜியாவ் சென்டர் என்று பெயர், 2000-இல்தான் தேக்கா என்ற பெயர் திரும்பியது. வீட்டில் விசாரித்து வந்து, சாலையைக் கடந்து நின்று எடுத்தான். படத்தோடு அவன் எழுதிய பத்தி, கட்டுரைப் பயிற்சியில் எழுதுவதைவிடப் பலமடங்கு நன்றாக இருந்தது.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் நொடியில் செய்துவிடுமே என்று பெற்றோர் கேட்கிறார்கள். செய்யும். நானும் ஆண்டிறுதியில் காட்டுகிறேன். ஆனால் கையால் நிழல் வரைந்த பிள்ளைகள், அது கொடுக்கும் படத்தைப் பார்த்ததும், “வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருது, மூக்கு நிழல் ஏன் இடப்பக்கமே விழுது?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வருவதற்குள் அந்தக் கருவியை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் வாங்க வேண்டியது ஒரு டிரைபாடும் கைப்பேசி மாட்டும் பிடிப்பானும் மட்டுமே. முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கண்காட்சிச் சுவரில் மட்டுமா, இணையத்திலுமா என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள்.